இலவச வெக்டர் மென்பொருளுக்கு முழுதாக மாறலாமா?

மாதாமாதம் சந்தா கட்டி ஓட்டும் வரைகலை மென்பொருளை நிறுத்திவிட்டு இங்க்ஸ்கேப் போன்ற இலவச வெக்டர் மென்பொருளுக்கு (படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடும் வளைவுமாக வரையும் மென்பொருள்) மாறலாம் என்று இருக்கிறேன், லோகோ, ஐகான், அவ்வப்போது சிற்றேடு, பேனர் இவைதான் என் வேலை, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்புக்கொண்ட பிறகு பாதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலவச மென்பொருளில் வரைய முடியும் என்பது உங்களுக்கே தெரியும். வரைந்தது உங்கள் கணினியை விட்டு வெளியே போய் அச்சகத்திலும் உலாவியிலும் வெட்டும் இயந்திரத்திலும் நீங்கள் நினைத்தபடியே வந்து சேருமா என்றுதான் கேட்கிறீர்கள். பல வருடங்களாக இரண்டு வகை மென்பொருளிலும் வேலை செய்து, புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் இருந்து சொல்கிறேன். என் வேலை அச்சும் ஐகானும் விளக்கப்படங்களும்தான். அனிமேஷனுக்காக வரைவது வேறு துறை, அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

இங்க்ஸ்கேப்பைப் பற்றி ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் அதன் பலம், பலவீனம் இரண்டுமே தானாக விளங்கிவிடும். அதன் சொந்தக் கோப்பு வடிவமே எஸ்விஜிதான், அதாவது படத்தைக் கோடும் வளைவுமாக எழுதிவைக்கும், இணையத்துக்கான பொது வடிவம். மற்ற பெரிய மென்பொருள்கள் தங்களுக்கென்று தனி வடிவத்தை வைத்துக்கொண்டு, கேட்டால் எஸ்விஜியாக ஏற்றுமதி செய்து கொடுக்கும். இங்க்ஸ்கேப் 2003ல் சோடிபோடி என்ற பழைய திட்டத்தில் இருந்து பிரிந்து வந்தபோதே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2001ல் வெளியிட்ட எஸ்விஜி தரத்தை முழுமையாகக் கையாளும் கருவியாக வேண்டும் என்ற இலக்கோடு கிளம்பியது. அதனால் எஸ்விஜியால் சொல்ல முடிந்ததை எல்லாம் இது நன்றாகச் செய்யும். எஸ்விஜிக்குச் சொல்லத் தெரியாத ஒன்றைக் கேட்டால், ஒன்று சுற்றுவழியில் செய்யும், இல்லையென்றால் செய்யாது. பொதுவாக "இது இதில் இல்லையே" என்று ஆட்கள் சலித்துக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

முதலில் பலம். எஸ்விஜி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். இங்க்ஸ்கேப்புக்குள்ளேயே எக்ஸ்எம்எல் எடிட்டர் என்று ஒரு பலகம் உண்டு, அதில் ஒவ்வொரு வடிவத்தின் பெயரையும் ஐடியையும் நிறத்தையும் நேரடியாகத் திருத்தலாம். ஐகான் வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, அறுபது ஐகான்களில் ஒரே நிறத்தை மாற்றச் சொல்லும் நாளில்தான் தெரியும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அத்தனை கோப்பிலும் நிறத்தை மாற்றி, இங்க்ஸ்கேப்பைத் திறக்காமலே கட்டளை வரியில் இருந்து எல்லாவற்றையும் பிஎன்ஜி ஆக்கிவிடலாம். பெயர் மட்டும் மாறும் சான்றிதழ்கள், எண் மட்டும் மாறும் டோக்கன்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறேன். கூடுதல் கருவி வேண்டுமானால் பைத்தானில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். எம்பிராய்டரி இயந்திரத்துக்குக் கோப்பு தயாரிக்கும் இங்க்ஸ்டிட்ச் அப்படி வளர்ந்த ஒன்று, அதுவும் இலவசம். பேனா பிடித்து வரையும் பிளாட்டர்கள், லேசர் வெட்டும் கருவிகள் வைத்திருப்பவர்கள் இங்க்ஸ்கேப்பிலேயே நிற்பதற்கும் இதுதான் காரணம்.

வரையும் கருவிகளில் நோடு எடிட்டிங், அதாவது கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளைத் திருத்துவது, அருமை. வளைவையே பிடித்து இழுக்கலாம், கைப்பிடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விசைப்பலகையால் நோடுகளைத் துல்லியமாக நகர்த்தலாம். ஆட்டோ ஸ்மூத் வகை நோடுகள் பக்கத்து நோடு நகரும்போது தாமே சரிசெய்துகொள்ளும். பாத் எஃபெக்ட்ஸ் என்ற பகுதியை நீங்கள் கண்டிப்பாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மூலக் கோட்டை அழிக்காமலே அதை வளைக்க, மூலைகளை உருட்ட, கோட்டின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்ற அது உதவும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அது கோப்பில் எழுதப்படும் விதம். விளைவான வடிவத்தை எல்லா மென்பொருளும் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டு, மூலக் கோட்டைத் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பண்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். உலாவி விளைவைக் காட்டும், நீங்கள் திரும்பத் திறந்தால் மூலம் கையில் இருக்கும். 2023ல் வந்த 1.3 பதிப்பில் ஷேப் பில்டரும் சேர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழும் வட்டங்களில் இருந்து லோகோவைச் செதுக்கும் வேலை அதன்பிறகு பாதியாகக் குறைந்தது. படத்தை வெக்டராக மாற்றும் டிரேஸ் பிட்மேப்புக்குப் பின்னால் இருப்பது போட்ரேஸ் என்ற நிரல். அது கருப்பு வெள்ளைப் படத்துக்காகவே எழுதப்பட்டது, ஸ்கேன் செய்த கையெழுத்து, மை ஓவியம் போன்றவற்றுக்கு அதன் முடிவு மிகச் சுத்தமாக இருக்கும். புகைப்படத்தைக் கொடுத்து வெக்டர் கேட்டால் ஆயிரக்கணக்கான துண்டுகள்தான் வரும். அது இலவசம் என்பதால் வரும் குறை அல்ல, எந்த மென்பொருளிலும் அப்படித்தான்.

சரி, எஸ்விஜியால் வரும் குறைகளுக்கு வருகிறேன். எஸ்விஜியில் ஒரு வடிவத்துக்கு ஒரு ஃபில் (உள் நிறம்), ஒரு ஸ்ட்ரோக் (ஓரக்கோடு), அவ்வளவுதான். அடோபியின் சந்தா மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ஒரே எழுத்துக்கு மூன்று ஸ்ட்ரோக்குகளை அடுக்கிப் பழகியிருந்தால், இங்கே அதே வடிவத்தை மூன்று நகல்களாக வைக்க வேண்டும். அவற்றை குளோன்களாக வைத்தால் மூலத்தைத் திருத்தியதும் மற்றவையும் மாறும். ஆனால் முதலில் மூலத்தின் நிறத்தை நீக்கி வைத்தால்தான் குளோனுக்குத் தனி நிறம் கொடுக்க முடியும். ஸ்ட்ரோக் எப்போதும் கோட்டின் நடுவில்தான் உட்காரும். உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ தள்ள ஒரு பொத்தான் இல்லை. ஸ்ட்ரோக்கை இரண்டு மடங்காக்கி கிளிப் செய்வது (ஒரு பக்கத்தை மறைப்பது), அல்லது ஆஃப்செட் எடுப்பது (வடிவத்தையே உள்ளேயோ வெளியேயோ தள்ளி வரைவது) என்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு படி கூடுதல் வேலை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அதிகம் விழுவது இதில்தான். இங்க்ஸ்கேப் சில இடங்களில் உலாவிகளை விட ஒரு படி முன்னால் போய்விடும். வலைபோல் பல நிறங்களைக் கலக்கும் மெஷ் கிரேடியன்ட் 0.92 பதிப்பில் இருந்தே இருக்கிறது, திரையில் அழகாகத் தெரியும். உலாவிகளுக்கு அது புரியாது. பத்தியாக ஓடும் எழுத்துப் பெட்டியும் அப்படியே. பழைய பதிப்புகள் தரமாக ஏற்கப்படாத ஒரு வரைவை நம்பி அதை எழுதின, அந்தக் கோப்பை வேறு இடத்தில் திறந்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புக் கட்டம் மட்டும் நிற்கும். 1.2ல் வந்த பல பக்க வசதியும் இங்க்ஸ்கேப்புக்கு மட்டும் தெரிந்த குறிப்பாகத்தான் எஸ்விஜிக்குள் இருக்கிறது. பிடிஎஃப் ஆக்கினால் எல்லாப் பக்கமும் வரும், எஸ்விஜியாகவே அனுப்பினால் பார்ப்பவருக்கு ஒரு பக்கம்தான். ஆகவே வெளியே அனுப்பும் எஸ்விஜியை பிளெய்ன் எஸ்விஜியாக (இங்க்ஸ்கேப்பின் தனிக் குறிப்புகள் நீக்கியது) தனியாகச் சேமித்து, ஒரு உலாவியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இதில் நான் யாருக்கும் விதிவிலக்கு கொடுப்பதில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.91 வரை இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்திருந்தது. 2017ல் வந்த 0.92ல் உலாவிகளோடு ஒத்துப்போக அதை 96 ஆக்கினார்கள். பழைய கோப்பை அப்படியே பிக்சல் கணக்கில் எடுத்துக்கொண்டால் வெட்டும் இயந்திரத்தில் 100 மில்லிமீட்டர் 93.75 ஆகிவிடும். ஆவண அளவை எப்போதும் மில்லிமீட்டரில் வையுங்கள், பழைய கோப்புகளைத் திறக்கும்போது வரும் கேள்விப் பெட்டியைப் படிக்காமல் தட்டிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் சிற்றேட்டுக்கு வருவோம், உண்மையாகவே மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இங்க்ஸ்கேப் அடிப்படையில் ஆர்ஜிபி மென்பொருள், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில்தான் நிறத்தை வைத்துக்கொள்ளும். நிறத் தேர்வுப் பலகத்தில் அச்சின் நான்கு மைகளை (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) குறிக்கும் சிஎம்ஒய்கே என்று ஒரு தாவல் இருக்கும், அதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. நீங்கள் அங்கே கொடுக்கும் நான்கு எண்களையும் அது ஆர்ஜிபியாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. பிடிஎஃப் ஏற்றுமதி கெய்ரோ என்ற நூலகத்தின் வழியாக நடக்கிறது, அதற்கு சிஎம்ஒய்கே தெரியாது. இதனால் நிறம் கொஞ்சம் மங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய பிரச்சினை கருப்பு எழுத்து. ஆர்ஜிபி கருப்பை அச்சகத்தில் சிஎம்ஒய்கேவாக மாற்றும்போது அது பெரும்பாலும் நான்கு மையும் கலந்த கருப்பாகிவிடும். ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு மைக்கும் உள்ள தட்டுகள் ஒரு மயிரிழை விலகினாலும் எட்டுப் புள்ளி எழுத்தைச் சுற்றி நிற விளிம்பு தெரியும், படிக்கவே கண் கூசும். ஸ்பாட் நிறம் (நான்கு மையைக் கலக்காமல் தனி மையாகவே அச்சிடும் நிறம்) வேண்டும் என்று கேட்கும் லோகோ வேலைக்கும் இதே தடை.

இதற்கு நான் பின்பற்றும் வழி ஸ்கிரைபஸ். அதுவும் இலவசம், பக்க வடிவமைப்புக்காகவே எழுதப்பட்டது, சிஎம்ஒய்கே, ஸ்பாட் நிறம், அச்சுக்கான பிடிஎஃப் தரமான பிடிஎஃப்/எக்ஸ் எல்லாம் அதில் முறையாக இருக்கின்றன. லோகோவையும் படங்களையும் இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எஸ்விஜியாக ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து, எழுத்தை அங்கேயே அமைக்கிறேன். உள்ளே வந்த நிறங்கள் ஃப்ரம்எஸ்விஜி என்று தொடங்கும் பெயர்களில் நிறப் பட்டியலில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து சிஎம்ஒய்கே எண்களைக் கொடுத்துவிட்டால் அந்த நிறம் உள்ள எல்லா இடமும் மாறிவிடும். படத்தில் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனை முறை செய்ய வேண்டும், அதனால் இங்க்ஸ்கேப்பில் வரையும்போதே நிறங்களைக் குறைவாகவும் ஒழுங்காகவும் வைத்துக்கொள்வது நல்லது. மங்கல் போன்ற ஃபில்டர்கள் ஸ்கிரைபஸுக்கு வந்து சேராது, அவற்றை மட்டும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக்கிக் கொண்டுவர வேண்டும். பேனருக்கு இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. அகல அச்சு இயந்திரங்களின் மென்பொருள் ஆர்ஜிபி கோப்பை வாங்கித் தானே நன்றாக மாற்றிக்கொள்ளும், பல இடங்களில் அவர்களே ஆர்ஜிபி கேட்பார்கள். உங்கள் அச்சகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இது இடத்துக்கு இடம் மாறும்.

எழுத்து விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. யூனிகோட் தமிழை இங்க்ஸ்கேப் சரியாகக் கோர்க்கும், கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்காது. ஸ்கிரைபஸின் பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடைந்துதான் வரும், 2024ல் வந்த 1.6ல் அது சரியாக வருகிறது, ஆகவே பதிப்பைப் பார்த்து நிறுவுங்கள். எஸ்விஜிக்குள் எழுத்துரு சேர்ந்து போகாது என்பதையும் மறக்க வேண்டாம். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்றில் தெரியும். லோகோவை ஒப்படைக்கும்போது எழுத்தைப் பாத் (வெறும் வடிவக் கோடு) ஆக்கிய நகல் ஒன்று, திருத்தக்கூடிய மூலம் ஒன்று என்று இரண்டு கோப்பு கொடுப்பது என் வழக்கம். நீளமான பத்திகளை இங்க்ஸ்கேப்பில் அமைக்க முயல வேண்டாம், ஒரு பெட்டியில் நிரம்பி அடுத்த பெட்டிக்கு ஓடும் சிற்றேட்டு எழுத்துக்கு ஸ்கிரைபஸ்தான் இடம்.

மற்றவர்களிடம் இருந்து வரும் கோப்புகளைத் திறப்பதில் முழு நம்பிக்கை வைக்கக் கூடாது. இல்லஸ்ட்ரேட்டர் கோப்புக்குள் பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் பகுதி ஒளிந்திருக்கும், இங்க்ஸ்கேப் படிப்பது அதைத்தான். சேமித்தவர் பிடிஎஃப் பொருத்தம் என்ற தேர்வை எடுத்துவிட்டிருந்தால் ஒன்றும் வராது. வந்தாலும் பிரஷ், எஃபெக்ட் எல்லாம் வெறும் வடிவங்களாகத்தான் வரும். கோரல்டிரா கோப்புகள் ஓரளவு திறக்கும், இபிஎஸ் என்ற பழைய அச்சு வடிவத்தைத் திறக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். தமிழ் எழுத்துள்ள பிடிஎஃபை இறக்கும்போது எழுத்து சிதறினால், இறக்குமதிப் பெட்டியில் பாப்ளர்/கெய்ரோ வழியைத் தேர்ந்தெடுங்கள், எழுத்து திருத்த முடியாத வடிவமாக மாறும், ஆனால் தோற்றம் சிதையாது. எதிர்த்திசையில், இல்லஸ்ட்ரேட்டரின் சொந்த வடிவமான ஏஐ வடிவில் எழுதிக் கொடுக்க இங்க்ஸ்கேப்பால் முடியாது. வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் ஏஐ கோப்பு கேட்டிருந்தால், வேலையை ஏற்பதற்கு முன்பே பிடிஎஃபும் எஸ்விஜியும் போதுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரு குழுவில் பத்துப் பேர் ஒரே ஏஐ கோப்பை மாற்றி மாற்றித் திருத்தும் இடத்தில் இருந்தால், மாறவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வேகம் சுமார்தான். மங்கலும் ஒளி ஊடுருவலும் அதிகம் உள்ள படம், டிரேஸ் செய்து வந்த பல்லாயிரம் நோடுகள், இவற்றில் திணறும். வெறும் கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வைக்கு மாறி வேலை செய்தால் கைக்கு ஓரளவு வசப்படும். 1.0க்குப் பிறகு வந்த பதிப்புகளில் இது நன்றாகவே முன்னேறியிருக்கிறது, ஆனால் கனமான படத்தில் இன்னும் வித்தியாசம் தெரிகிறது. உங்கள் கணினியில் எப்படி இருக்கும் என்பது கணினியையும் படத்தையும் பொறுத்தது, அதை நீங்களே பார்க்க வேண்டும். தானாகச் சேமிக்கும் வசதி இயங்குகிறதா என்று முதல் நாளே விருப்பத்தேர்வுகளில் பார்த்துவிடுங்கள்.

வேறு இலவசக் கருவிகளையும் கேட்டிருந்தீர்கள். லிப்ரேஆபிஸ் டிரா அம்புக்குறியோடு கூடிய ஓட்டப்படங்களுக்கு நல்லது, லோகோ வளைவுக்கு அதை எடுக்க வேண்டாம். கிரிட்டா ஓவியருக்கானது, அதன் வெக்டர் அடுக்குகள் படக்கதைப் பேச்சுக்குமிழிக்குப் போதும். செயலித் திரைகளை வடிவமைக்க பென்பாட் எடுக்கலாம், அதுவும் திறந்த மூலம். 2025 இறுதியில் அஃபினிட்டி என்ற வரைகலை மென்பொருளும் இலவசமாகியிருக்கிறது. அதில் சிஎம்ஒய்கே உண்டு, வேகமும் உண்டு, ஆகவே சந்தாவை நிறுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் அதைக் கட்டாயம் நிறுவிப் பாருங்கள். ஆனால் அதன் மூலநிரல் மூடியது, அதை வைத்திருக்கும் கன்வா நிறுவனத்தில் ஒரு கணக்கு வேண்டும், கோப்பு வடிவமும் அவர்களுடையது. விலை இல்லாத மென்பொருளும் யாராலும் பூட்ட முடியாத மென்பொருளும் ஒன்றல்ல. ஃப்ரீஹேண்ட் என்ற பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 2005ல் அதை வைத்திருந்த மேக்ரோமீடியாவை, இல்லஸ்ட்ரேட்டரின் நிறுவனமான அடோபி வாங்கியது, கொஞ்ச காலத்தில் ஃப்ரீஹேண்டின் வளர்ச்சியே நின்றுபோனது. அதில் வருடக்கணக்கில் வரைந்து வைத்தவர்கள் தங்கள் கோப்பைத் திறக்கவே வழி தேடி அலைந்தார்கள். சோடிபோடியும் நின்றுபோன திட்டம்தான், ஆனால் அதில் வரைந்த எஸ்விஜி இன்றும் இங்க்ஸ்கேப்பில் திறக்கும். இருபது வருடம் கழித்தும் வாடிக்கையாளர் திரும்பி வந்து கேட்கக்கூடிய லோகோ வேலைக்கு இது எனக்குப் பெரிய காரணம்.

உங்கள் பட்டியலுக்கே வருகிறேன். ஐகானுக்கும் லோகோவுக்கும் இன்றே மாறலாம், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. பேனருக்கும் மாறலாம், அச்சகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சிற்றேட்டுக்கு இங்க்ஸ்கேப் மட்டும் போதாது, ஸ்கிரைபஸையும் சேர்த்துக் கற்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். சந்தாவை உடனே நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே முடித்து, பணமும் வாங்கிவிட்ட ஒரு சிற்றேட்டையும் ஒரு லோகோவையும் எடுத்து, முதல் கோட்டில் இருந்து அச்சுக்கான பிடிஎஃப் வரை இலவச மென்பொருளில் திரும்பச் செய்யுங்கள். அந்த பிடிஎஃபை உங்கள் அச்சகத்துக்கு அனுப்பி, கருப்பு எழுத்து ஒரே தட்டில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய ஏஐ கோப்புகளை எல்லாம் சந்தா உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃபாகவும் எஸ்விஜியாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம் சந்தாவை நிறுத்தலாம்.